அறுபது–பூஜ்யம்: தோற்றவர்கள் எங்கே போவார்கள்?

மொரிஷியஸில் "அறுபது–பூஜ்யம்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 1982இல் ஒருமுறை நடந்தது, 1995இல் மறுபடி நடந்தது, 2024 நவம்பரில் மூன்றாவது முறை. தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 உறுப்பினர்கள். அந்த 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளிக்கொண்டு போவதற்குத்தான் இந்தப் பெயர். மிச்சமுள்ள 2 இடங்கள் ரோட்ரிக்ஸ் தீவுக்கு உரியவை. அங்கே கணக்கு வேறு.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டோம். மறுநாள் எண்ணினார்கள். நவின் ராம்கூலத்தின் லேபர் கட்சியும் போல் பெராஞ்சேயின் எம்.எம்.எம். கட்சியும் இன்னும் சிலரும் சேர்ந்த கூட்டணி 60க்கு 60 வென்றது. பிரதமராக இருந்த பிரவிந்த் ஜக்நாத் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப்போனார். தோற்ற பக்கத்துக்கும் 100க்கு 27 பேர் அளவில் ஓட்டுப் போட்டிருந்தார்கள் என்பதை அந்த ஆரவாரத்தில் யாரும் கவனிக்கவில்லை. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் அந்த ஒருவர் என் தாய்மாமா.

நான் வென்ற பக்கத்துக்கு ஓட்டுப் போட்டவள். அதனாலேயே இதை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. தேர்தல் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை எப்போதும் தோற்றவர்களுக்கே போகிறது. வென்றவர்களும் முடிவை ஏற்றாக வேண்டும் என்பதே என் எண்ணம். நம்மோடு ஒத்துப்போகாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், நாளைக்கும் இங்கேதான் இருப்பார்கள் என்பதும் அந்த முடிவில் எழுதியிருக்கிறது.

மாமா ஏன் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்க பஸ் பட்டறையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். 2019 தேர்தலுக்கு முன் ஜக்நாத் முதியோர் பென்சனை உயர்த்துவதாகச் சொன்னார். தேர்தல் முடிந்ததும் அது மாதம் 9,000 ரூபாயாக உயர்ந்து, பிறகும் ஏறியது. ரோஸ்ஹில்லிலிருந்து தலைநகர் போர்ட் லூயிஸுக்கு மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. "சொன்னதைச் செய்தாங்க. வேறென்ன பார்க்கணும்?" என்பது அவர் வாதம். இதில் ஏமாளித்தனமோ பேராசையோ இல்லை. உழைத்து ஓய்ந்த ஒருவர் தனக்கு வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு வேறொன்று பெரிதாகப் பட்டது. 2024 அக்டோபரில் "மிஸி முஸ்தாஸ்" என்ற பெயரில் யாரோ தொலைபேசிப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை வெளியிட ஆரம்பித்தார்கள். அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலருடைய குரல்கள் வெளியே வந்தன. கணினியில் போலியாகச் செய்தவை என்றது அரசு. பிறகு நவம்பர் தொடக்கத்தில், தேர்தல் முடியும்வரை சமூக வலைத்தளங்களை முடக்க உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பவே ஒரு நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரு நாள் எனக்குப் போதுமானதாக இருந்தது. மக்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கிற, பேசவே விடாத அரசுக்கு என் ஓட்டு கிடையாது.

"உங்க போனையும் கேட்டிருக்கலாம் மாமா" என்றேன்.

"என் போன்ல என்னம்மா இருக்கு? மருந்து வாங்கு, ரொட்டி வாங்குன்னு உன் அத்தை சொல்றதுதான் இருக்கு. கேட்டுட்டுப் போகட்டும்."

அவர் அப்படிச் சொன்னது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஒட்டுக்கேட்டது தவறு என்ற என் நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. மாற்றுக் கருத்தை மதிப்பது என்றால் "உங்களுக்கு உங்களது சரி, எனக்கு என்னது சரி" என்று பேச்சை முடித்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் சொல்வது தவறு என்று நினைத்துக்கொண்டே, அவர் அதை நேர்மையாகத்தான் நினைக்கிறார் என்று நம்புவதைத்தான் நான் மதிப்பு என்கிறேன். மாமாவிடம் அது எனக்கு எளிது. நேற்று முன்தினம் அறிமுகமானவரிடம் கடினம்.

முடிவு வந்த சாயங்காலம் எங்கள் சாலையில் ஒலிபெருக்கி கட்டிய லாரி ஒன்று சுற்றி வந்தது. மகிழ்ச்சி வேண்டியதுதான், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் லாரி ஜக்நாத் கட்சியின் ஆரஞ்சுக் கொடி தொங்கிய வீடுகளாகப் பார்த்து நின்றது. கேட்டுக்கு முன்னால் பட்டாசு கொளுத்தினார்கள், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தை நாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூவியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த பையன்கள். சிலர் என் மாலை வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தவர்கள். மறுநாள் அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "2019இல் அவங்க நம்ம வீட்டு முன்னாடி இதைத்தானே செஞ்சாங்க டீச்சர்" என்றார்கள். உண்மைதான், செய்தார்கள். எங்கேயாவது ஒரு பக்கம் நிறுத்தியாக வேண்டுமே, வென்றவர்களால் முடியாவிட்டால் தோற்றவர்களாலா முடியும்?

ஜக்நாத்தின் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை முழுதாக முடிவதற்கு முன்பே, பெரிய தோல்வி வரப்போகிறது, மக்கள் வேறு அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி நாட்டுக்கு நல்வாழ்த்துக் கூறினார். அவர் ஆட்சியை நான் விரும்பவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டபோது நன்றியோடு கேட்டேன். தலைவர் அப்படிச் சொல்லாமல் வேறு மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால், அன்று இரவு அந்த லாரிக்கும் அந்த வீடுகளுக்கும் நடுவே என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் வாய்மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. 2019இல் எங்கள் பக்கம் தோற்றபோது பல தொகுதிகளில் வழக்குப் போட்டார்கள். ஜக்நாத்தின் வெற்றியை எதிர்த்து லேபர் வேட்பாளர் போட்ட வழக்கு, எங்கள் நாட்டுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 2023 அக்டோபரில் தள்ளுபடியானது. வழக்குப் போடுவதும் ஒருவகையில் முடிவை ஏற்பதுதான். தெருவுக்குப் போகாமல் சட்டத்திடம் போகிறோம், அது சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்.

அந்த 2019 தேர்தலில் ஜக்நாத் கூட்டணி வாங்கியது 100க்கு 38ஐக்கூடத் தொடாத ஓட்டு. மூன்று அணிகளாகப் பிரிந்து நின்றதில் அதற்கே பெரும்பான்மை கிடைத்துவிட்டது. "62 பேர் உங்களை வேண்டாம் என்கிறார்கள், நீங்கள் எப்படி ஆளலாம்?" என்று ஐந்து வருடம் கேட்டோம். நானும் கேட்டேன், சரியான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படியென்றால் 27 பேருக்கு ஓர் இடம்கூட வெல்ல முடியாத 2024ஐப் பற்றியும் அதே குரலில் கேட்க வேண்டும். அதைக் கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு நினைவு வருவது 1967. நான் பிறப்பதற்கு முந்தைய தேர்தல், ஆனால் எங்கள் குடும்பத்தில் அது முடிந்து போகவே இல்லை.

1967 ஆகஸ்ட் 7. நாடு சுதந்திரம் பெறுவதா வேண்டாமா என்பதே அந்தத் தேர்தலின் கேள்வி. சிவசாகர் ராம்கூலத்தின் லேபர் கட்சியும் அதன் தோழமைக் கட்சிகளும் சுதந்திரம் வேண்டும் என்றன. காயெத்தான் துவால் முன்னின்ற பி.எம்.எஸ்.டி. கட்சி, பிரிட்டனோடு இணைந்தே இருப்போம் என்றது. சுதந்திரப் பக்கம் 39 இடங்களும் பி.எம்.எஸ்.டி. 23 இடங்களும் வென்றன. ஓட்டுக் கணக்கில் 100க்கு ஏறத்தாழ 44 பேர் சுதந்திரம் கேட்ட பக்கத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தார்கள். பிறக்கப்போகும் நாட்டை அதன் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். தமிழர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். லேபர் கட்சியில் வீராசாமி ரிங்காடு போன்ற பெரிய தலைவர்கள் இருந்தார்கள். அவரே பிற்பாடு 1992இல் குடியரசின் முதல் ஜனாதிபதியானார். எங்கள் தாத்தா பி.எம்.எஸ்.டி.யின் நீலக் கொடிக்காரர்.

தாத்தா போர்ட் லூயிஸில் சேந்த்–குருவா பக்கம் தையல்கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்களில் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்காரர்கள், முஸ்லிம்கள், சீனர்கள் எல்லோரும் உண்டு. பிரிட்டிஷ்காரன் போய்விட்டால் சர்க்கரையை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள், சிறிய சமூகங்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பது அவருடைய பயம். பாட்டியின் அண்ணன், அதாவது தாத்தாவின் மைத்துனர், லேபர்காரர். கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். வெள்ளைக்காரன் கீழே ஒரு நாள்கூட அதிகம் இருக்க அவருக்கு மனசில்லை. இரண்டு பேருடைய வாழ்க்கையையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இருவரில் யாரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் கலவரம் வெடித்தது. கிரியோல்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டார்கள், உயிர்கள் போயின, பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. நிறையக் குடும்பங்கள் வீடு மாறின. எங்கள் குடும்பமும் அந்த வருடம்தான் ரோஸ்ஹில்லுக்கு வந்தது. வசதி இருந்த பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். தாத்தாவை அழைத்தவர்களும் உண்டு, அவர் போகவில்லை.

மார்ச் 12ஆம் தேதி சுதந்திரம். அதற்கு முந்தைய வாரங்களில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டை வைத்த கொடிகள் தைக்கச் சொல்லித் தாத்தாவிடமும் வந்தார்கள். சுதந்திரம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர் என்று வந்தவர்களுக்கும் தெரியும். தாத்தா தைத்துக் கொடுத்தார். கூலியை முழுசாக வாங்கிக்கொண்டார் என்று அம்மா சொல்வார். ஷாம்ப் தெ மார்ஸ் மைதானத்தில் கொடி ஏற்றியபோது தாத்தா போகவில்லை. அம்மாவையும் மாமாவையும் பக்கத்து வீட்டுக்காரரோடு அனுப்பி வைத்தார். கடைசிவரை, "அன்னைக்கு நான் போட்ட ஓட்டு சரிதான், எண்ணிக்கை பத்தலை" என்றே சொன்னார். நாடு அவரிடம் அதற்குமேல் கேட்டிருக்கக் கூடாது, கேட்கவும் இல்லை. அவர் வரி கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், அடுத்த தேர்தலிலும் நீலத்துக்கே ஓட்டுப் போட்டார்.

அந்த அடுத்த தேர்தல் வரவே 1976 ஆயிற்று. 1972இல் வர வேண்டியதைத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது: 1969இலேயே லேபரும் பி.எம்.எஸ்.டி.யும் கூட்டணி அரசில் சேர்ந்துவிட்டன, துவால் வெளியுறவு அமைச்சரானார். மக்களை இரண்டாகப் பிரித்த தலைவர்கள் இரண்டே வருடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். தாத்தாவும் மைத்துனரும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகைகூடப் பெண்கள் கை மாறித்தான் போனது. "பெரியவங்க சேர்ந்துட்டாங்க. நாங்க எதைச் சொல்லிச் சேர்றது?" என்று தாத்தா கேட்பாராம். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலில் தகரக் கூரை பறந்தபோது மைத்துனர் ஏணியோடு வந்தார். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. மழை, பிள்ளைகள், கோவில் எல்லாம் பேசினார்கள், 1967ஐ மட்டும் தொடவில்லை. குடும்பத்தில் இதை நல்ல முடிவாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பாதி நிம்மதிதான். ஒருவர் பயத்தை மற்றவர் கேட்கவே இல்லையே.

அந்தக் கூட்டணிக் கதை இந்த ஊருக்குப் பழகிப்போன ஒன்று. 2000இல் ஜக்நாத் குடும்பத்தின் கட்சியான எம்.எஸ்.எம்.மும் எம்.எம்.எம்.மும் ஒன்றாக நின்றன. 2014இல் லேபரும் எம்.எம்.எம்.மும் சேர்ந்து தோற்றன, 2019இல் தனித்தனியாக நின்று தோற்றன, 2024இல் மறுபடி சேர்ந்து வென்றன. பி.எம்.எஸ்.டி. 2019இல் லேபரோடு இருந்தது, 2024இல் ஜக்நாத்தோடு. சாவி, இதயம், சூரியன், சேவல் என்று எந்தச் சின்னம் எந்தச் சின்னத்தோடு சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கொடிக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருப்பது என்ன கணக்கு?

தமிழர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். இந்தத் தீவில் நாம் எண்ணிக்கையால் எதையும் வெல்ல முடியாது. 1998இல் புது ரூபாய் நோட்டுகள் வந்தபோது தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போயிருந்தது. அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ். நம்மவர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். தலையை எண்ணி முடிவு செய்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? குறைவாக இருப்பவர்களின் மனக்குறைக்கும் செவி கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் இருந்ததால்தான் கிடைத்தது. அந்தப் பழக்கத்தால் பலன் பெற்றவர்கள், நாம் வென்ற நாளில் "27 பேர்தானே" என்று சொல்லலாமா?

சொன்னார்கள். தேர்தல் முடிந்த சில வாரங்களில் ஒரு கோவிலில், நிர்வாகத்தில் இருந்த ஆரஞ்சுக்காரர்கள் விலகினால் நல்லது, புது அமைச்சர்கள் காவடிக்கு வரும்போது சங்கடமாக இருக்கும் என்று பேச்சு எழுந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முருகன் சந்நிதியில் யார் எந்த நிறம் என்று பார்ப்பதற்கு எந்த அமைச்சருக்காகவும் நமக்கு உரிமை இல்லை. நல்லவேளையாக வயதான பெண்கள் சிலர் சத்தம் போட்டு அந்தப் பேச்சை நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு முந்தின இரவு ஏழு கறிக்குப் பூசணி நறுக்கியவர்களில் இரண்டு பக்கமும் இருந்தார்கள், அரசியலும் பேசினார்கள். பென்சனைப் பற்றி ஒரு வாக்குவாதம், ஒட்டுக்கேட்பைப் பற்றி ஒன்று. கத்தி கையில் இருக்கும்போதே பேசினார்கள், யாரும் எழுந்து போகவில்லை. தாத்தாவும் மைத்துனரும் பேசாமல் விட்டதை இவர்கள் பேசினார்கள் என்று எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஜூன் மாதம் வந்தது. 2025 பட்ஜெட்டில், அடிப்படைப் பென்சன் வயதை 60இலிருந்து படிப்படியாக 65 ஆக்கப்போவதாகப் புது அரசு அறிவித்தது. ஊரே கொதித்தது, தொழிற்சங்கங்கள் போர்ட் லூயிஸில் தெருவில் இறங்கின. எனக்கும் வயது நெருங்கிக்கொண்டிருக்கிறது, நேரடியாகப் பாதிக்கும். மாமாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அவர் ஏற்கெனவே வாங்குகிறவர். "மாற்றம் கேட்டீங்களே, வாங்கிக்கோங்க" என்ற வார்த்தை அந்த வாரம் தீவு முழுக்கக் கேட்டது. மாமாவிடமிருந்தும் அது வரும் என்று காத்திருந்தேன். அவர் போன் செய்து, "உங்க யூனியன் என்ன செய்யப் போகுது? ஊர்வலம் எப்போ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஏன் குத்திக்காட்டவில்லை என்று பிறகு நானே கேட்டேன். "உனக்கு நஷ்டம் வந்தா எனக்கு என்னம்மா லாபம்?" என்றார்.

வென்ற பக்கத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இப்போதைய நாடாளுமன்றத்தில் மாமாவின் பக்கத்துக்கு இருக்கும் இரண்டே குரல்களும், தோற்ற வேட்பாளர்களில் சிலருக்கு இடம் தரும் பெஸ்ட் லூசர் என்ற ஏற்பாட்டில் உள்ளே வந்தவை. அந்த ஏற்பாடோ, 1972 கணக்கெடுப்பை வைத்து இந்து, முஸ்லிம், சீனர், இவற்றில் சேராத "பொது மக்கள்" என்று சமூகம் பார்த்து இடம் கொடுப்பது. 2025 மே மாதம் நகராட்சித் தேர்தல் வந்தபோது தோற்ற கட்சி போட்டியிடவே இல்லை. ஓட்டுப் போட வந்தவர்களும் குறைவு. எதிர்க்கட்சி இல்லாத தேர்தலில் யாருக்குத்தான் அக்கறை வரும்?

2002இல் தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம், இருக்கிற 62 இடங்களோடு கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதப்படி 30 இடங்களைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசுகள் மாறி மாறி வந்தும் அதைச் செய்யவில்லை. வென்றவர்களுக்கு அது நஷ்டம், தோற்றவர்களுக்கு அதைச் செய்ய வலு கிடையாது. 2024இல் 60 இடங்களையும் வென்றவர்கள் நாங்கள். அரசியலமைப்பை மாற்றத் தேவையான பலம் எங்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்று எங்கள் தொகுதி உறுப்பினர்கள் மூவரிடமும் கேட்டு வருகிறேன். உங்களில் யாராவது மொரிஷியஸ் வாக்காளராக இருந்தால் நீங்களும் கேளுங்கள்.

மாமா இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த 30 பேரைக் கட்சித் தலைவர்கள்தானே பட்டியல் போட்டு உள்ளே அனுப்புவார்கள், தெருவில் வந்து ஓட்டுக் கேட்காதவனுக்கு எதற்கு இடம் என்கிறார். பட்டியலை முன்கூட்டியே வெளியிட வைக்கலாம் என்றேன். வெளியிட்டால் மட்டும் மாற்ற விடுவார்களா என்று கேட்டார். அதற்குச் சரியான பதில் என்னிடம் இன்னும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது தொடரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.